ஆஸ்திரேலிய முதியோர் இல்லத்தில் அறை, வைப்புத்தொகை, தினக் கட்டணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவையோ அப்பாவையோ முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் முடிவு பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்தில், ஒரு வாரத்துக்குள் எடுக்கப்படுகிறது. பணக் கணக்கோ மாதக்கணக்கில் யோசிக்க வேண்டியது. அந்த இடைவெளியில் எழும் கேள்விகள் இங்கே.

இதில் உள்ளவை 2024ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்படி, 2025 நவம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ புதிதாகச் சேர்பவர்களுக்கான விதிகள். அதற்கு முன்பே சேர்ந்தவர்களுக்குப் பழைய விதிகளே தொடரும். 2024 செப்டம்பர் 12 அன்று வீட்டுப் பராமரிப்புத் தொகுப்பு வைத்திருந்தவர்களுக்கும் பராமரிப்புப் பங்களிப்பில் பழைய முறைச் சலுகை உண்டு. அப்படியிருந்தால் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள். தொகைகள் எல்லாம் ஆஸ்திரேலிய டாலர், 2025 நவம்பர் நிலவரம். தினக் கட்டணங்கள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் 20இலும் செப்டம்பர் 20இலும் மாறும்.

மொத்தம் எத்தனை கட்டணம்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

எல்லாரும் பாதி பாதி சொல்வதால்தான் குழப்பம். பில்லில் வரக்கூடியவை ஐந்து.

முதலாவது, அடிப்படைத் தினக் கட்டணம். எல்லாரும் கட்ட வேண்டியது. தனிநபரின் அடிப்படை முதியோர் பென்ஷனில் 85 சதவீதம். 2025 நவம்பரில் நாளுக்கு 65.55 டாலர். சாப்பாடு, துணி துவைப்பு, சுத்தம் செய்தல், மின்சாரம் எல்லாம் இதற்குள்.

இரண்டாவது, விடுதிச் செலவுப் பங்களிப்பு. அதே சாப்பாடு, துவைப்புக்கு அரசு இல்லத்துக்குத் தரும் கூடுதல் தொகையை வசதியுள்ளவர்களிடமிருந்து வாங்குவது. அதிகபட்சம் நாளுக்கு 22.15.

மூன்றாவது, மருத்துவம் சாராத பராமரிப்புக்கான பங்களிப்பு. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்க உதவுவது போன்றவற்றுக்கு. அதிகபட்சம் நாளுக்கு 105.30. நர்ஸ் செய்யும் மருத்துவப் பராமரிப்பு முழுக்க அரசு செலவு.

நான்காவது, தங்குமிடக் கட்டணம். அறைக்கான பணம். பெரிய தொகை இதுதான்.

ஐந்தாவது, கூடுதல் வசதிக் கட்டணம். விருப்பமிருந்தால் மட்டும்.

இரண்டாவதும் மூன்றாவதும் சொத்து, வருமானத்தைப் பொறுத்தவை. வரம்புக்கு மேல் உள்ள சொத்தில் ஆண்டுக்கு 7.8 சதவீதம், வரம்புக்கு மேல் உள்ள வருமானத்தில் 50 சதவீதம் என்பது சூத்திரம். முழுப் பென்ஷன் வாங்கி, வீடும் இல்லாதவருக்குப் பெரும்பாலும் இரண்டும் பூஜ்யமாகவே இருக்கும்.

மூன்றாவதற்கு வாழ்நாள் உச்சவரம்பு உண்டு: 135,318.69 டாலர், அல்லது 4 ஆண்டுகள், எது முதலில் வருகிறதோ அது. முழு 105.30 கட்டுபவருக்கு ஏறத்தாழ மூன்றரை ஆண்டில் அந்தத் தொகை எட்டிவிடும். அதற்கு முன் வீட்டில் இருந்தபடி ‘சப்போர்ட் அட் ஹோம்’ திட்டத்தில் கட்டிய பங்களிப்பும் இந்தத் தொகைக் கணக்கில் சேரும். விடுதிச் செலவுப் பங்களிப்புக்கு இப்படி உச்சவரம்பு கிடையாது.

அறையின் விலை 6 லட்சம் என்று போட்டிருக்கிறது. அறையை வாங்குகிறோமா?

இல்லை. அது வைப்புத்தொகை. திரும்பக் கிடைக்கும் தங்குமிட வைப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் எல்லாரும் சொல்லும் ‘ராட்’. அறையில் உங்களுக்கு எந்த உரிமையும் வராது. வீட்டு விலை ஏறினாலும் இது ஏறாது. இல்லம் அந்தப் பணத்தை வட்டியில்லாக் கடனாக வைத்துக்கொள்கிறது என்று புரிந்துகொண்டால் போதும்.

ஒவ்வொரு இல்லமும் ஒவ்வொரு வகை அறைக்கும் அதிகபட்ச விலையை அரசின் ‘மை ஏஜ்ட் கேர்’ இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். குளியலறை சேர்ந்த தனி அறை, பொதுக் குளியலறையுடன் இருவர் அறை, மறதி நோயாளிகளுக்கான பாதுகாப்புப் பிரிவு என ஒரே கட்டடத்தில் மூன்று நான்கு விலைகள் இருக்கும். 758,627 டாலருக்கு மேல் விலை வைக்க வேண்டுமானால் விலை நிர்ணய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்.

போட்டிருப்பது அதிகபட்ச விலை. குறைத்துக் கேட்கலாம். நம்மவர்கள் காய்கறிக்குப் பேரம் பேசுவார்கள், இங்கே கூச்சப்படுவார்கள். பல மாதம் காலியாகக் கிடக்கும் அறை, வெளிச்சம் குறைந்த பின்பக்க அறை போன்றவற்றில் விலை இறங்க வாய்ப்பு அதிகம். ஒத்துக்கொண்ட விலை, சேருவதற்கு முன் எழுத்தில் வந்துவிட வேண்டும்.

வைப்புத்தொகை கட்ட முடியாதவர் என்ன செய்வது?

தினத் தவணை கட்டலாம். இதை ‘டாப்’ என்பார்கள். அறை விலையை அரசு நிர்ணயிக்கும் வட்டி வீதத்தால் பெருக்கி, 365ஆல் வகுத்தால் தினத் தொகை. இந்த வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கப்படும். 2025 அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 7.61 சதவீதம். இந்த வீதத்தில் 6 லட்சம் டாலர் அறைக்கு:

600,000 × 7.61% = ஆண்டுக்கு 45,660
45,660 ÷ 365 = நாளுக்கு 125.10

ஒப்பந்தம் செய்த நாளின் வட்டி வீதம்தான் உங்களுக்கு. பிறகு வீதம் ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் வீதம் அப்படியே. ஆனால் தினத் தொகை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப ஏறும். பழையவர்களுக்கு இந்த ஏற்றம் கிடையாது. அதனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவரின் பில்லைப் பார்த்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

இரண்டையும் கலக்கலாம். 2 லட்சத்தை வைப்பாகக் கட்டினால் மீதி 4 லட்சத்துக்கு நாளுக்கு 83.40. தினத் தவணையை வைப்பிலிருந்தே கழித்துக்கொள்ளச் சொல்லவும் முடியும். கையிலிருந்து பணம் போகாது, மாதாமாதம் நிம்மதியாகத் தெரியும். ஆனால் வைப்பு கரையக் கரைய, கட்டாத பாகம் பெரிதாகி, அதற்கான தவணையும் கூடும். இரண்டு மூன்று ஆண்டுக்குள் முடியலாம் என்ற நிலையில் இது பரவாயில்லை. பத்து ஆண்டு ஓட வேண்டிய கணக்கென்றால் வேண்டாம்.

எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்ய, சேர்ந்த பிறகு 28 நாள் அவகாசம் உண்டு. அதற்கு முன் ‘ராட்டா, டாப்பா, இப்போதே சொல்லுங்கள்’ என்று இல்லம் கட்டாயப்படுத்த முடியாது. முடிவு சொல்லும் வரை தினத் தவணை ஓடும்.

வைப்பா, தினத் தவணையா? எது லாபம்?

பணம் கையில் இருக்கிறது என்றால், பெரும்பாலும் வைப்பு. அதே 6 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். தவணையாகக் கட்டினால் ஆண்டுக்கு 45,660 செலவு. வைப்பாகக் கட்டினால் இல்லம் அதிலிருந்து பிடித்துக்கொள்வது ஆண்டுக்குச் சுமார் 12,000 (விவரம் அடுத்த கேள்வியில்). அந்தப் பணத்தை வங்கியில் 4 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வந்திருக்கும் 24,000 வட்டியும் போயிற்று. ஆகக் கூடி 36,000. கிட்டத்தட்ட 10,000 மிச்சம்.

அதோடு, வைப்பாகக் கட்டிய தொகை பென்ஷன் சொத்துக் கணக்கில் வராது. வங்கியில் கிடந்தால் வரும். இல்லக் கட்டணத்துக்கான சொத்து மதிப்பீட்டில் மட்டும் இரண்டும் வரும். பென்ஷன் கணக்கு வேறு, இல்லக் கணக்கு வேறு. ஒன்றில் விலக்கு என்றால் மற்றதிலும் விலக்கு என்று நினைத்துத்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

வைப்பிலிருந்து எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள்?

ஆண்டுக்கு 2 சதவீதம், அதிகபட்சம் 5 ஆண்டுகள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வரை. நாள் கணக்கில் பார்த்துக் கழிப்பார்கள். எட்டு மாதம் இருந்தால் எட்டு மாதத்துக்கு உண்டானது மட்டும். ‘போட்டது அப்படியே வரும்’ என்று பழைய ஆட்கள் சொல்வது அவர்கள் காலத்து விதிக்குச் சரி.

வீட்டை விற்றுவிடலாமா?

அதிகம் பேர் அவசரப்படும் இடம் இது.

இல்லக் கட்டணக் கணக்கில், காலியாக இருக்கும் சொந்த வீட்டின் முழு விலையை எடுப்பதில்லை. எவ்வளவு பெரிய வீடானாலும் 210,555.20 டாலர் என்றே எடுப்பார்கள். விற்ற அடுத்த நிமிடம் அது வீடு அல்ல, பணம். முழுத் தொகையும் கணக்கில் ஏறிவிடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கணவரை இழந்த அம்மா, முழுப் பென்ஷன். 11 லட்சம் டாலர் பெறும் வீடு, யாரும் குடியில்லை. வங்கியில் 80,000. அறை விலை 6 லட்சம்.

விற்காமல், வீட்டைப் பூட்டி வைத்தால்: அடிப்படைக் கட்டணம் 65.55, தினத் தவணை 125.10. நாளுக்கு 190.65. இரண்டு வாரத்துக்கு 2,669.10. பென்ஷன் 1,178.70. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,490.40 துண்டு விழும், ஆண்டுக்கு சுமார் 38,750. விடுதிச் செலவுப் பங்களிப்பும் கொஞ்சம் வரும். சேமிப்பு இரண்டு ஆண்டுகூட முழுதாகத் தாங்காது.

விற்று, முழு வைப்பையும் கட்டினால்: தினத் தவணை இல்லை. ஆனால் இப்போது சொத்து 11 லட்சத்து 80 ஆயிரம். வைப்பாகக் கட்டிய 6 லட்சமும் அதில் அடக்கம். பங்களிப்பு இரண்டுமே உச்சத்தில்: 22.15, 105.30. அடிப்படைக் கட்டணத்தோடு நாளுக்கு 193.00.

அதாவது வீட்டை விற்று, 6 லட்சத்தைக் கொடுத்த பிறகும் தினப் பில் ஏறக்குறைய அதே. கையில் 5 லட்சத்து 80 ஆயிரம் நிற்பதால் வருமானக் கணக்கில் பென்ஷனும் குறையும்.

இதனால் விற்பதே தவறு என்று ஆகாது. பராமரிப்புப் பங்களிப்புக்கு உச்சவரம்பு உண்டு, தினத் தவணைக்குக் கிடையாது. வைப்பில் பெரும்பகுதி திரும்பும். காலி வீட்டுக்கும் கவுன்சில் வரி, காப்பீடு, புல்வெட்டு என்று செலவு இருக்கிறது. நீண்ட காலம் இல்லத்தில் இருக்கக்கூடியவருக்கு விற்பதே சரியாக வரலாம். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு ஏஜென்டைக் கூப்பிடுங்கள் என்பதுதான் எங்கள் வற்புறுத்தல்.

வாடகைக்கு விடுவது மூன்றாவது வழி. துண்டு விழுவதைப் பெருமளவு அடைக்கும். ஆனால் வாடகை வருமானம் பென்ஷன் கணக்கிலும் இல்லக் கணக்கிலும் சேரும். கூடவே, இல்லத்துக்குப் போய் 2 ஆண்டு கழிந்ததும் வீடு பென்ஷன் சொத்துக் கணக்கில் முழு விலையோடு நுழையும். பூட்டி வைத்தாலும் இதே கதைதான். இந்த 2 ஆண்டுத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பென்ஷன் திடீரென்று நின்ற பிறகு காரணம் தேடுபவர்கள் நிறைய.

வீட்டில் மகள் குடியிருக்கிறாள். அப்போதும் வீடு கணக்கில் வருமா?

கணவனோ மனைவியோ சார்ந்திருக்கும் பிள்ளையோ அங்கே வசித்தால் வராது. வளர்ந்த பிள்ளை வெறுமனே கூட இருப்பது போதாது. அவர் பராமரிப்பாளராக 2 ஆண்டாவது அங்கே இருந்து, அரசின் சென்டர்லிங்க் வருமான உதவி பெறத் தகுதியுள்ளவராகவும் இருக்க வேண்டும். நெருங்கிய உறவினர் என்றால் 5 ஆண்டு, அதே வருமான உதவித் தகுதியோடு. நல்ல வேலையில் இருக்கும் மகன் பத்து ஆண்டு கூட இருந்தாலும் இந்த விலக்கு கிடைக்காது.

முன்பே வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிவிட்டால்?

தானமாகக் கொடுக்க வரம்பு உண்டு: நிதியாண்டுக்கு 10,000, ஐந்து ஆண்டுக்கு மொத்தம் 30,000. அதற்கு மேல் கொடுத்தது எதுவும் 5 ஆண்டு வரை உங்கள் சொத்தாகவே எண்ணப்படும். எழுதிக் கொடுத்த வீடும் போனது, கணக்கிலும் நிற்கிறது என்ற இரட்டை நஷ்டம்.

வீட்டையோ பணத்தையோ கொடுத்து, பதிலுக்கு ஆயுள் முழுக்கக் கூடவே குடியிருக்கும் உரிமை வாங்குவதற்குத் தனி விதி உண்டு. ‘கிரானி ஃபிளாட்’ என்பது அதுதான். ஆனால் 5 ஆண்டுக்குள் இல்லத்துக்குப் போக நேர்ந்து, போக வேண்டிவரும் என்பது அப்போதே தெரிந்திருந்தால், அதையும் தானமாகவே பார்ப்பார்கள். மறதி நோய் உறுதியான பிறகு இந்த ஏற்பாட்டைச் செய்தால் சிக்கல் நிச்சயம்.

மறுபக்கம்: வைப்புத்தொகைக்குப் பிள்ளைகள் பணம் போடும் குடும்பங்கள். போட்டவர் யாராக இருந்தாலும் அது இல்லத்தில் இருப்பவரின் சொத்தாகவே மதிக்கப்படும், திரும்பி வரும்போது அவர் பெயருக்கோ, அவர் இறந்திருந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்துக்கோதான் போகும். நான்கு பிள்ளைகளில் ஒருவர் மட்டும் 3 லட்சம் போட்டிருந்தால், கடன் பத்திரம் ஒன்று எழுதி வைப்பது அண்ணன் தம்பி உறவுக்கு நல்லது.

யாழ்ப்பாணத்தில் காணி இருக்கிறது, சென்னையில் ஒரு ஃபிளாட். சொல்ல வேண்டுமா?

வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் சொத்துதான், சந்தை விலையில். ஊர் வங்கியில் உள்ள வைப்பும் அப்படியே. கூட்டுப் பெயரில் இருந்தால் உங்கள் பங்கு மட்டும். பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து, வழக்கில் கிடக்கும் காணி என்றால் அதற்கான ஆவணங்களை மொழிபெயர்த்து இணையுங்கள். விற்கவே முடியாத சொத்தை முழு விலையில் சேர்த்துவிட்டால், கைக்கு வராத பணத்துக்குப் பங்களிப்புக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் பொருளாதார நெருக்கடி உதவிக்கு அரசுச் சேவைத் துறையான சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் விண்ணப்பிக்க வழி உண்டு.

பிள்ளைகள் அழைத்து வந்த பெற்றோருக்கு இன்னொன்று: முதியோர் பென்ஷனுக்கு 10 ஆண்டு குடியிருப்பு வேண்டும். பென்ஷன் இல்லாதவருக்கும் அடிப்படைக் கட்டணம் அதே 65.55தான். இரண்டு வாரத்துக்கு 917.70. அது யார் பையிலிருந்து என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அப்பா மட்டும் போகிறார், அம்மா வீட்டில். என்ன மாறும்?

வீடு கணக்கில் வராது. மற்றச் சொத்தும் வருமானமும் யார் பெயரில் இருந்தாலும் சரிபாதி. வங்கிக் கணக்கு முழுக்க அப்பா பெயரில் இருக்கிறதே என்று பயந்து மாற்ற வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாதது: நோயால் பிரிந்து வாழும் தம்பதி என்று சென்டர்லிங்கில் பதிந்தால், இருவருக்கும் தம்பதி வீதத்துக்குப் பதில் தனிநபர் பென்ஷன் வீதம் கிடைக்கும். தானாக நடந்துவிடும் என்று இருக்காமல் கேட்டுப் பதியுங்கள்.

கையில் ஒன்றுமே இல்லை. சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். சொத்து சுமார் 63,000க்குக் கீழ், வருமானமும் குறைவு என்றால் அறைக்கான செலவை அரசே இல்லத்துக்குக் கொடுத்துவிடும். நீங்கள் கட்டுவது 65.55 மட்டும். அதற்கு மேலே, ஆனால் இரண்டு லட்சத்துச் சொச்சத்துக்குள் என்றால் அறைக்கு ஒரு பகுதியை நீங்களும் மீதியை அரசும் கொடுக்கும். அந்தப் பகுதியையும் தினமாகவோ வைப்பாகவோ கட்டலாம். நிலைமை மாறினால் தொகையும் மாறும்.

இல்லம் தொலைபேசியில் ‘இடமில்லை’ என்றால், உதவி பெறுபவர்களுக்கான இடமா, எல்லா இடமுமா என்று கேளுங்கள். உதவி பெறுபவர்கள் 40 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும் இல்லத்துக்கு அரசு தரும் தங்குமிடத் தொகை கால்வாசி குறையும். அதனால் இப்படிப்பட்டவர்களைத் தேடும் இல்லங்களும் உண்டு.

சைவச் சாப்பாட்டுக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள். சரியா?

சரியில்லை. உடல்நிலை, மதம், பண்பாடு காரணமான உணவுத் தேவை அடிப்படைச் சேவைக்குள் வருகிறது. அதற்குத் தனிப் பணம் வாங்க முடியாது. டயபர், சோப்பு, ஷாம்பூ, கட்டில், மெத்தை, அன்றாடத் துவைப்பு இவற்றுக்கும் அப்படியே.

கூடுதல் வசதிக் கட்டணம் என்பது அடிப்படைக்கு மேலே உள்ளவற்றுக்கு: பெரிய டிவிச் சந்தா, வைன், உயர்தர உணவுப் பட்டியல். இதற்குச் சம்மதித்தால்தான் அறை என்று நிபந்தனை போடக் கூடாது. கையெழுத்திட்ட பிறகும் 28 நாளுக்குள் மனம் மாறலாம். பாட்டி தொடாத வைனுக்கு மாதாமாதம் பணம் போகிறதா என்று ஒருமுறை பட்டியலைப் படியுங்கள்.

ஆனால் உரிமை வேறு, தட்டில் விழுவது வேறு. ‘சைவம் உண்டு’ என்பதற்குப் பல சமையலறைகளில் பொருள், வேகவைத்த காய்கறியும் உருளைக்கிழங்கு மசியலும். ஒரு வார மெனுவை வாங்கிப் பாருங்கள். வீட்டுச் சாப்பாடு கொண்டுவர அனுமதி, அதை வைக்க ஃபிரிட்ஜ், சூடாக்கித் தர யார் என்பதைக் கேளுங்கள். விழுங்கும் சிரமம் உள்ளவருக்கு இட்லி, புட்டு கொடுப்பதற்கு முன் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளரின் அனுமதி தேவைப்படும். புட்டு உதிரும் என்பதால் அடைத்துக்கொள்ளும் அபாயம் அதற்குத்தான் அதிகம்.

இவை தவிர வேறு செலவு?

மருந்துக் கடை பில் தனி. மாத்திரைகளை நாள்வாரியாக அடைத்துத் தரும் கட்டணமும் அதில் வரும். முடிவெட்டு, சொந்தத் தொலைபேசி, வெளி மருத்துவரிடம் போக டாக்ஸி. இவற்றுக்கென ஒரு தொகையை ஒதுக்கி வைத்தால் பென்ஷனில் மீதியாகும் கொஞ்சப் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி வராது.

சில வாரம் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்ய முடியுமா?

முடியும், செய்வதும் நல்லது. தற்காலிகத் தங்கல் நிதியாண்டுக்கு 63 நாள். தேவைப்பட்டால் 21 நாள் வீதம் நீட்டிப்பு வாங்கலாம். அப்போது அடிப்படைக் கட்டணம் மட்டுமே, அறைக்கு வைப்பும் தவணையும் கிடையாது. தற்காலிகத் தங்கலுக்கும் அரசின் பராமரிப்புத் தேவை மதிப்பீட்டில் ஒப்புதல் வேண்டும். மதிப்பீட்டாளர் வரும்போதே நிரந்தரம், தற்காலிகம் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் கட்ட வேண்டுமா? மகன் வீட்டுக்கு அழைத்துப் போனால்?

கட்ட வேண்டும், அறை உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஆஸ்பத்திரி விடுப்புக்கு நாள் கணக்கு இல்லை. வீட்டு விசேஷம், ஊர்ப் பயணத்துக்கு நிதியாண்டுக்கு 52 இரவுகள். அதைத் தாண்டினால் அரசின் மானியம் நிற்கும், அந்தச் சுமை உங்கள் தலையில் விழலாம். மூன்று மாதம் ஊருக்குப் போகும் திட்டமிருந்தால் முதலில் இல்லத்திடம் பேசுங்கள்.

எதை முதலில் செய்வது?

மை ஏஜ்ட் கேர், 1800 200 422. மதிப்பீட்டுக்குப் பதிவு செய்யுங்கள். தமிழில் பேச வேண்டுமானால் 131 450க்கு அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியாக இணைக்கச் சொல்லுங்கள், இலவசம். மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வரும்போது நம் பெரியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. விருந்தாளி வந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, ‘எல்லாம் நானே செய்துகொள்வேன், ஒரு குறையும் இல்லை’ என்பார்கள். இரவில் எத்தனை முறை எழுகிறார், போன மாதம் எத்தனை முறை விழுந்தார், அடுப்பை அணைக்க மறந்தது எப்போது என்று நீங்கள் எழுதி வைத்துக் கொடுங்கள்.

ஒப்புதலுக்குக் காத்திருக்கும்போதே சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் (1800 227 475) சொத்து, வருமான மதிப்பீட்டைத் தொடங்குங்கள். கையில் இருக்க வேண்டியவை: வங்கி, சூப்பர் (ஓய்வுக்காலச் சேமிப்பு) அறிக்கைகள், வெளிநாட்டுச் சொத்து விவரம், கடன் விவரம், கடந்த 5 ஆண்டில் கொடுத்த பெரிய தொகைகள். பதில் கடிதம் 120 நாளுக்குச் செல்லுபடியாகும். கடிதம் வரவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். விவரம் தராவிட்டால் அதிகபட்சக் கட்டணம் விதிக்கப்படும், அரசு உதவியும் வராது.

கையெழுத்துப் போடும் நிலையில் பெரியவர் இருக்கும்போதே நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதுங்கள். நியூ சவுத் வேல்ஸில் பணத்துக்கு ஒரு பத்திரம், உடல்நலம் மற்றும் வசிப்பிட முடிவுக்கு இன்னொன்று. ஊரில் காணி விற்க எழுதிய அட்டர்னி பத்திரம் இங்கே உதவாது. அதோடு சென்டர்லிங்கில் உங்களைப் பிரதிநிதியாகவும், மை ஏஜ்ட் கேரில் பதிவு பெற்ற ஆதரவாளராகவும் பதிய வேண்டும். பத்திரம் இருந்தாலும் இந்த இரண்டு பதிவும் இல்லாமல் தொலைபேசியில் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இறந்த பிறகு வைப்பு எப்போது வரும்?

இறந்த நாளோடு தினக் கட்டணங்கள் நிற்கும். வைப்பு, நீதிமன்றத்தின் உயில் உறுதிச் சான்றை இல்லத்திடம் காட்டிய 14 நாளுக்குள். உயில் இல்லையென்றால் சொத்து நிர்வாகச் சான்று, அது இன்னும் மாதங்கள் இழுக்கும். காத்திருக்கும் காலத்துக்கு இல்லம் வட்டி தர வேண்டும், அதைக் கணக்கில் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். உயிரோடு இடம் மாறினால், 14 நாளுக்கு மேல் முன்னறிவிப்பு கொடுத்திருந்தால் கிளம்பும் அன்றே, இல்லாவிட்டால் அறிவித்த 14 நாளுக்குள்.

இல்லம் திவாலானால் வைப்பு?

அரசின் உத்தரவாதம் இருக்கிறது. அரசு ஒப்புதல் பெற்ற இல்லம் என்றால் மீதி வைப்பை அரசு தரும். தனியார் ஓய்வூதியர் குடியிருப்புக் கிராமங்களுக்கு இது பொருந்தாது. அவை மாநிலச் சட்டத்தில் வருபவை, முழுக்க வேறு விஷயம்.

அறை பார்க்கப் போகும்போது விலை தவிர என்ன பார்க்க வேண்டும்?

காட்டும் அறைதான் கிடைக்கும் அறையா என்பதை முதலில். மாதிரி அறையைக் காட்டிவிட்டு வேறு தளத்தில் தருவது உண்டு. கழிவறைக் கதவில் சக்கர நாற்காலி நுழைகிறதா, கட்டிலின் இருபக்கமும் தூக்கும் கருவிக்கு இடம் இருக்கிறதா பாருங்கள். இன்று நடக்கிறார் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். நிலைமை மோசமானால் வேறு பிரிவுக்கு மாற்றுவார்களா, அப்போது அறை விலை மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒருவருக்கு நாளுக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸ் என்பது தேசிய இலக்கு. இருபத்துநான்கு மணி நேரமும் ஒரு பதிவுபெற்ற நர்ஸ் இருக்க வேண்டும். இல்லத்தின் நட்சத்திர மதிப்பீட்டில் பணியாளர் பகுதியைத் தனியாகப் பாருங்கள், மொத்த நட்சத்திரம் அதை மறைத்துவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் ஒருமுறை சொல்லாமல் போங்கள். அழைப்பு மணி அடித்து எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது என்று நடைபாதையில் நின்றாலே தெரியும்.

பில் தவறாக வந்தால் யாரிடம் போவது?

முதலில் இல்லத்திடம், மின்னஞ்சலில். பங்களிப்புத் தொகையில் சந்தேகம் என்றால் சர்வீசஸ் ஆஸ்திரேலியாவின் கடிதத்தோடு பில்லை ஒப்பிடுங்கள். மார்ச், செப்டம்பர் மாற்றங்களுக்குப் பிறகு வரும் பில்லில்தான் பிழை அதிகம். உங்களுக்காகப் பேச ஆள் வேண்டுமானால் முதியோர் உரிமைக்கான ஓபன் அமைப்பு, 1800 700 600, இலவசம். முறையான புகாருக்கு முதியோர் பராமரிப்புத் தர மற்றும் பாதுகாப்பு ஆணையம், 1800 951 822. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம், ஆனால் பில் விவகாரத்தில் பெயர் இல்லாமல் அவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.